கரண்டு பில்லுக்குக் கிழவன் சொல்ற வைத்தியம்

வாப்பா மாப்ளே, உக்காரு. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, வீட்டுக்காரம்மா கரண்டு கணக்கைச் சொல்லிட்டாங்க. மயிலாப்பூர்ல மொட்டை மாடி ரூம்பு. ஒரு ஃபேன், ஒரு லைட்டு, ஒரு குட்டி ஃபிரிட்ஜு. ரெண்டு மாசத்துக்கு 120 யூனிட்டு, யூனிட்டு ஒம்பது ரூவா, ஆக 1,080. சரிதானே?

இதே 120 யூனிட்டு உம் பேர்ல இருக்கிற மீட்டர்ல ஓடியிருந்தா அம்பது ரூவாகூட வராது. மொத நூறு ஓசி. 2016 மே 23-ல ஜெயலலிதா பதவியேத்த அன்னைக்கே போட்ட கையெழுத்து அது. போட் கிளப் பங்களாவுக்கும் நூறு, நொச்சிக்குப்பம் மீன்காரம்மாவுக்கும் நூறு. சமத்துவம்னா இதுல்ல! உனக்கு மட்டும் ஏன் இல்லேங்கிறியா? ஓசி ஆளுக்கு இல்லப்பா, மீட்டருக்கு. மீட்டர் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் ஏழை.

வீட்டுக்காரம்மாவைத் திட்டாதே. அவங்களுக்கும் ஒரு பயம் இருக்கு. ரெண்டு மாசக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினா, 101-லேருந்து 200 வரைக்கும் இருந்த பாதி விலை பறந்துரும். 2022 செப்டம்பர் விலைப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூவா. 501 ஆனா 1,958. அந்த ஒத்தை யூனிட்டு 233 ரூவா! 2024-ல விலை ஏறிச்சே ஒழிய அந்தப் பள்ளத்தை யாரும் மூடலை. ரீடிங் எடுக்கிறவரு நாலு நாள் பிந்தி வந்தாலே விழுந்துரலாம். உன் ஃபேன் காத்துதான் அவங்களைப் பள்ளத்துல தள்ளுதுன்னு அவங்க கணக்கு. அதுக்கு அபராதம்தான் ஒம்பது ரூவா.

சோலார் போடலாமேங்கிறியா? பேஷ்! 2024-ல வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்துல மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூவா மானியம். சின்னதா ஒரு நிபந்தனை, கூரை உன்னோடதா இருக்கணும். வெயில் என்னவோ உன் தலையிலதான் காயுது. அடையாறுல சொந்த வீட்டுக்காரர் ஒருத்தர் போட்டிருக்காரு. பகல்ல தகடு வெளியே அனுப்புற கரண்டை, ராத்திரி எடுத்ததுல கழிச்சு, மிச்சத்துக்குத்தான் பில்லு. ரெண்டு ஏசி ஓடுற வீடு, பில்லுல பார்த்தா பரம ஏழை. அந்த மிச்சத்துலயும் மொத நூறு ஓசி. தி.நகர்ல ஃபிளாட்டு வாங்கினவங்க பாடு வேற. மொட்டை மாடி எல்லாருக்கும் பொது, அதனால யாருக்கும் இல்லை. சங்கக் கூட்டம் முடியறதுக்குள்ள சூரியன் அஸ்தமிச்சுருவாரு.

இந்த ஓசிக்கெல்லாம் யார் பணம்னு கேட்டியா? 2003 மின்சாரச் சட்டம் 65-ஆம் பிரிவைப் பாரு. சலுகை குடுக்கிற மாநில அரசு, அந்தப் பணத்தை முன்கூட்டியே கட்டிரணும். அரசு எங்கேருந்து கட்டும்? நீ வாங்குற சோப்பு, பிஸ்கட்டு வரியிலேருந்துதான். ஆக, பங்களாக்காரருக்கு நூறு யூனிட்டு வாங்கிக் குடுத்த தர்மவான் நீ. எனக்கும்தான், ஊர்ல என் பம்புசெட்டுக்கு 1990-லேருந்து கரண்டு ஓசி. மகராசனா இரு!

சிரிச்சது போதும், காரியத்தைக் கேளு. அதே சட்டத்துல 43-ஆம் பிரிவு, வீட்டு உரிமையாளர் கேட்டாலும் சரி, குடியிருக்கிறவர் கேட்டாலும் சரி, இணைப்புக் குடுக்கணும்னு சொல்லுது. தனி மீட்டர் நீயே கேட்கலாம். ஆனா பிரிவு நம்பரைச் சொல்லிச் சண்டை போட்டியோ, மறுநாளே "பையன் அமெரிக்காவிலேருந்து வர்றான், ரூம்பு வேணும்"பாங்க. அவசரப்படாதே, ஆடி பொறக்கட்டும். ஆடியில எவனும் வீடு மாற மாட்டான். உன்னை அனுப்பினா ரூம்பு பூட்டித்தான் கிடக்கும்னு வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும். அப்போ ரெண்டு முழம் மல்லிப்பூவோட போய், மெதுவாக் கேளு.