வார்டு வேட்பாளரும் இருபது வாட் பல்பும்: உப்பூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்

நாடாளுமன்றத் தேர்தலைப் பற்றித் தடித்தடியாக நூல்கள் இருக்கின்றன. சட்டமன்றத் தேர்தலைப் பற்றித் தொலைக்காட்சியில் நள்ளிரவு வரை பேசுகிறார்கள். கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்பவரைப் பற்றி மட்டும் அறிஞர் உலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் தமிழகத்தின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, நிரப்ப வேண்டியிருந்த பதவிகள் 91,975. அவற்றுள் 76,746 இந்த வார்டு உறுப்பினர் பதவிகளே. மக்களாட்சியின் உடம்பில் ஆறில் ஐந்து பங்கு இவர்கள்தாம். இவர்களை ஒதுக்கிவிட்டுத் தேர்தலை ஆராய்வது காக்கையைச் சேர்க்காமல் பறவை நூல் எழுதுவதைப் போன்றது. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை

இராமநாதபுரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் உள்ள உப்பூர் வட்டாரமே களம். இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் மூன்று.

ஒன்று, இங்கே கோயில்கொண்டிருக்கும் வெயிலுகந்த விநாயகர். இவர் கருவறைக்குக் கூரை கிடையாது. வெயில் நேரே மேனியில் விழ வேண்டும் என்பது அவர் விருப்பம். "கூரை போட்டுத் தருகிறேன்" என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாத ஒரே உள்ளூர்வாசி இவர். வாக்குறுதிக்கு மயங்காத ஒருவர் ஊரில் இருப்பது ஆய்வின் நடுநிலைமைக்கு நல்லது.

இரண்டு, சேதுவில் அணை கட்டப் போகும் முன் இராமபிரான் இவரை வணங்கிச் சென்றார் என்பது தலபுராணம். பெரும் பொதுப்பணி ஒன்றுக்கு உள்ளூரில் தடையின்மைச் சான்று வாங்கிய முதல் நிகழ்வாக இதைக் கொள்ள வேண்டும்.

மூன்று, அப்படிச் சான்று வாங்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இங்கேயே இருக்கிறது. 1,600 மெகாவாட் உப்பூர் அனல்மின் நிலையத்துக்கு 2016-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள். 2021-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. ஆயிரத்து அறுநூறு மெகாவாட் வருகிறது என்றும் வரவில்லை என்றும் ஊர் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், தெருமுனைக் கம்பத்தில் இருபது வாட் எல்இடி பல்பு எரியவில்லை என்று வார்டு உறுப்பினரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கணக்குப் போட்டால் அந்தப் பல்பு அந்த நிலையத்தில் எட்டுக் கோடியில் ஒரு பங்கு. இக்கட்டுரை அந்த எட்டுக் கோடியில் ஒரு பங்கைப் பற்றியது.

முன்னாய்வுகள்

உள்ளாட்சியைப் பற்றி எழுதுகிறவர் உத்திரமேரூரைத் தொடாமல் போகக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஆகவே தொட்டுவிட்டுப் போவோம். பராந்தகச் சோழன் காலத்து, 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள் குடவோலைக்கான தகுதிகளைச் சொல்கின்றன. பிந்தைய கல்வெட்டின்படி நிற்பவருக்கு முப்பத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும், எழுபது ஆகியிருக்கக் கூடாது. வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்கக் கூடாது, அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியை நம் ஆய்வுக் களத்தில் அமல்படுத்தினால் தேர்தலே நடக்காது. வார்டில் எல்லாரும் எல்லாருக்கும் மாமன், மச்சான், பங்காளி. ஒருவர் கணக்குக் காட்டாவிட்டால் தெருவே தகுதி இழக்கும். இன்றைய சட்டம் இரக்கமுள்ளது. இருபத்தொரு வயதும் வாக்காளர் பட்டியலில் பெயரும் இருந்தால், 200 ரூபாய் கட்டி (பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி) 2019-இல் மனுப் போட முடிந்தது. ஆனாலும் சோழர் காலம் முழுக்கப் போய்விடவில்லை. இருவருக்குச் சமமாக வாக்கு விழுந்தால் இன்றும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள். சில நூறு வாக்குகளே உள்ள வார்டில் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும்.

கருதுகோள்

களத்தில் பார்த்ததிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. முதல் விதி: பதவியின் அதிகாரம் குறையக் குறைய, அதில் இருப்பவரிடம் கேட்கப்படும் கேள்வி கூடும். இரண்டாம் விதி: கேட்பவர் வீட்டுக்கும் பதவியில் இருப்பவர் வீட்டுக்கும் இடையே தூரம் குறையக் குறைய, கேள்வியின் குரல் உயரும். இரண்டும் சேரும் புள்ளியில் நிற்பவரே வார்டு உறுப்பினர்.

சான்று வேண்டுமா? கச்சத்தீவு 1974-இல் இரு நாட்டு ஒப்பந்தத்தில் இலங்கையிடம் போனது. அதைப் பற்றி ஒரு வார்டு வேட்பாளர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஆனால் கடற்கரைப் பக்கம் வாக்குக் கேட்டுப் போனால் முதல் கேள்வியே அதுதான். "அது நம்ம கையில இல்ல மாமா" என்று பதில் சொன்னவர் எவரும் களத்தில் தென்படவில்லை. "பேசுவோம் மாமா" என்பதே மரபான விடை. யாரிடம் பேசுவார் என்று மாமாவும் கேட்பதில்லை. இருவருக்கும் தெரிந்த நாகரிகம் அது.

உறவுமுறை விரிவாக்கம்

வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் ஆகிய இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டுசாவி, ஆட்டோ என்று ஆணையம் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். கொள்கை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத இடத்தில் உறவு வந்து உட்காருகிறது.

இந்த உறவு ஒரே அளவில் நிற்பதில்லை. மனுப் போடுவதற்கு முன் "என்னண்ணே, சௌக்கியமா" என்று இருப்பது, மனு ஏற்கப்பட்டதும் "மாமா" ஆகிறது. சின்னம் கிடைத்ததும் அந்த மாமாவின் வீட்டுக்காரி "அயித்த" ஆகிறார். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், மூன்று தலைமுறைக்கு முன் ஒரே ஊருணியில் தண்ணீர் எடுத்ததுகூட இரத்த சொந்தமாகிவிடுகிறது. திருப்பாலைக்குடியின் முஸ்லிம் தெருக்கள் பக்கம் போனால் அதே வாய் "காக்கா", "ராத்தா" என்று தடையில்லாமல் மாறும். எண்ணி முடித்த மறுநாள் தோற்றவருக்கு எல்லாரும் பழையபடி அண்ணன் ஆகிவிடுவார்கள். ஜெயித்தவருக்கு மட்டும் அந்தச் சொந்தம் ஐந்து ஆண்டுக்கு ஒட்டிக்கொள்ளும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டுகிற உரிமை "மாமா"வுக்கு உண்டு என்பதை அவர் அப்போதுதான் உணர்வார்.

வேட்பாளர் யார் என்னும் சிக்கல்

தமிழக உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதிலிருந்து ஆய்வாளருக்குப் புதிய தலைவலி. பதாகையில் கணவர் படம் பெரிதாகவும் வேட்பாளர் படம் சிறிதாகவும் இருக்கும். கும்பிடுவது கணவர், பேசுவது கணவர், துண்டு வாங்குவதும் கணவர். ஆய்வுப் பொருள் எது, அதன் நிழல் எது என்று பிரித்தறிய நுட்பமான கருவி தேவை. அந்தக் கருவி குழாயடியில் இருக்கிறது.

களக் குறிப்பு: இடம், குழாயடி. நேரம், வெயில் ஏறும் முன். ஒன்றன்பின் ஒன்றாகக் குடவண்டிகள் நிற்கின்றன. மூன்று சக்கரம், குடம் உட்காரக் கம்பி வளையங்கள், தள்ளுவதற்கு ஒரு கைப்பிடி. இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் வாகனம் இது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் குழாய் இருமிவிட்டு நிற்கிறது. வேட்பாளரின் கணவர் முன்னே வந்து கும்பிடுகிறார். வேட்பாளர் தன் வண்டியோடு வரிசையில் பின்னால் நிற்கிறார்.

"ஏப்பு, இந்தக் குழாயில தண்ணி வந்து எம்புட்டு நாளாச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று ஓர் அப்பத்தா கேட்கிறார்.

"ஜெயிச்சதும் பாத்துக்கிருவோம் அப்பத்தா."

"நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். வரக் காணோம்."

பின்னாலிருந்து வேட்பாளர் சொல்கிறார்: "பள்ளத் தெருக் குழாயெல்லாம் ஒரே நேரத்துல தெறந்து விட்டுர்றாங்க அப்பத்தா. அதான் நமக்கு ஏற மாட்டேங்குது. காலையில நம்ம பக்கம், சாயங்காலம் அந்தப் பக்கம்னு வால்வைத் திருப்பி விட்டா ரெண்டு தெருவுக்கும் வரும். டேங்க் ஆபரேட்டர்ட்டச் சொல்லியிருக்கேன்."

அப்பத்தா திரும்பிப் பார்க்கிறார். "இவ்வளவு தெரிஞ்சவ, இவனை எதுக்குத்தா முன்னால விட்ட?"

கணவர் பேசாமல் அப்பத்தாவின் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். திருப்பத்தில் ஒரு குடம் சரிகிறது. அவர் இதுவரை தள்ளியதில்லை என்பது வண்டிக்கே தெரிந்துவிடுகிறது. குறிப்பு முற்றும்.

வாக்குறுதியின் நீளம்

இந்தக் குறிப்பிலிருந்து நாம் பெறுவது: வார்டில் செல்லுபடியாகும் வாக்குறுதி, வாக்காளரின் வாசலில் நின்று கண்ணால் பார்க்கக்கூடிய தூரத்துக்குள் இருக்க வேண்டும். வால்வு, பல்பு, சாக்கடை மூடி, ஊருணிப் படிக்கட்டு. "தொலைநோக்கு" என்று பேசுகிறவருக்கு இங்கே கட்டுத்தொகை மிஞ்சாது. வாக்காளரின் நோக்கு பதினைந்து அடி.

அந்தப் பதினைந்தடிக்குள்ளும் இடறல் உண்டு. சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் மண்டிக் கிடக்கும் அதை வெட்டுவேன் என்று ஒரு வாசலில் சொன்னால் கைதட்டு விழும். அடுத்த வாசலில் இருப்பவர் அதே கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைப்பவர். மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது அந்த முள்மரம்தான். ஆக, வேட்பாளர் முதல் வாசலில் "அழிப்போம்" என்றும் இரண்டாவதில் "ஒழுங்குபடுத்துவோம்" என்றும் சொல்கிறார். இதை இரட்டைநாக்கு என்று கண்டிப்பது எளிது. அந்தச் சிக்கலுக்கு நீதிமன்றமும் அரசும் தேடித் திரியும் விடையைவிட இது பெரிதாக மோசமில்லை.

நிதியியல்

2019 தேர்தலில் வார்டு உறுப்பினர் வேட்பாளர் செலவு செய்ய அனுமதித்த உச்சவரம்பு 9,000 ரூபாய். மக்களவைத் தொகுதிக்கு இன்று 95 லட்சம். அதாவது ஒரு மக்களவை வேட்பாளரின் செலவில் ஆயிரம் வார்டுகளில் தேர்தலை முடித்துவிடலாம். அந்த ஒன்பதாயிரத்தைப் பதவிக்காலம் ஐந்தாண்டுக்கும் பிரித்தால் நாளொன்றுக்கு ஐந்து ரூபாய்கூட வராது. அரைக் கிளாஸ் டீ. மாமாக்களின் எண்ணிக்கையை நினைத்தால் இது அநியாயம்.

அதிகாரத்தின் ஒரு நாள்

ஊராட்சிக் காசோலையில் கையெழுத்துப் போடுவது தலைவரும் துணைத் தலைவரும். வார்டு உறுப்பினருக்குப் பேனா எடுக்கும் வேலை குறைவு. ஆனால் அந்தத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்களே. 2020 ஜனவரி 11 அன்று அந்த மறைமுகத் தேர்தல் நடந்தது. பதவிக்காலம் முழுவதிலும் அவரைப் பிறர் தேடி வந்து, காரில் ஏற்றி, சாப்பிட்டீர்களா என்று கேட்கும் நாள்கள் அதற்கு முந்தின சில நாள்களே. மறுநாள் முதல் அவர் பல்புக்காரர்.

மறுப்பும் விடையும்

"ஜெயித்தபின் எவரும் ஒன்றும் செய்வதில்லையே?" என்று கேட்கலாம். செய்யாத நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்க டெல்லிக்குப் போக வேண்டும். செய்யாத வார்டு உறுப்பினர் அதே குழாயடியில் அதே வரிசையில் நிற்கிறார். அவர் வீட்டு முன்னாலும் பல்பு எரிவதில்லை. செய்யாமல் போனதற்கு இவ்வளவு பக்கத்தில் தண்டனை அனுபவிக்கும் மக்கள் பிரதிநிதி வேறு எங்கும் இல்லை. அவரால் ஒளிய முடியாது என்பதே அவர் பதவியின் ஒரே உண்மையான அதிகாரம். அந்த அதிகாரம் வாக்காளர் கையில் இருக்கிறது.

முடிவும் பரிந்துரைகளும்

2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் நடக்காமல், மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நடத்தினார்கள். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலமும் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, பொறுப்பு மறுபடி தனி அலுவலர்களிடம் போனது. தனி அலுவலர் நல்லவராகவே இருப்பார். ஆனால் அவரை யாரும் மாமா என்று கூப்பிட முடியாது. ஒன்றியத்தில் இருக்கும் எல்லா ஊராட்சிகளுக்கும் அவர் ஒருவர். அவர் இருக்கும் யூனியன் ஆபீசுக்குப் போய்வர ஒருநாள் கூலி போகும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. மீதி 359 நாளும் பல்பு ஃபியூஸ் ஆகத்தான் செய்யும்.

ஆகவே பரிந்துரைகள். ஒன்று, மனைவி வேட்பாளராக நிற்கும் இடங்களில் கணவர்மார் குடவண்டி தள்ளப் பழகிக்கொள்ள வேண்டும். இரண்டு, உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாராட்டிப் பேசும் மேடைகளில் அதில் உள்ள கணக்குக் காட்டும் விதியையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மூன்று, உள்ளாட்சித் தேர்தலைக் காலம் தவறாமல் நடத்த வேண்டும். மக்களாட்சியின் மாண்பு, அதிகாரப் பரவல் என்று அதற்குப் பெரிய காரணங்கள் பல இருக்கின்றன. உப்பூர் வட்டாரம் சொல்வது சிறிய காரணம்: பல்பு எரியாத இரவில், தெருவிலேயே கூப்பிட்டுத் திட்ட ஓர் ஆள் வேண்டும். அவர் திரும்பத் திட்டாமல் இருப்பதற்கு ஒரு பதவி வேண்டும்.