ஜாக்பாட்டார்

இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் டிவிஷனுக்கு, அதாவது தோட்டப் பிரிவுக்கு, ஒருவர் என்ற கணக்கில் வாழ்ந்துவரும் ஜாக்பாட்டாரை இனங்காண அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அக்குளில் இடுக்கிய ஃபைலைப் பார்த்தாலே போதும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுக்கென்று வாங்கப்பட்டு, பின்னர் அச்சான்றிதழ்களை அலுமாரியின் அடித்தட்டுக்குத் துரத்திவிட்ட அந்த ஃபைலின் முதற்பக்கத்தில், கொழும்பிலுள்ள சூதாட்ட மண்டபம் ஒன்றின் ஜாக்பாட் மெஷினை, அதாவது பணம் போட்டுப் பொத்தானை அழுத்தினால் திரையில் படங்கள் சுழன்று நின்று, ஒரே படம் வரிசையாக அமைந்தால் பரிசு தருவதாகச் சொல்லப்படும் இயந்திரத்தை, கைத்தொலைபேசியில் பிடித்த படம் லெமினேட் செய்யப்பட்டிருக்கும். அதில் எட்டு இலக்கத் தொகையொன்று தெரிவதாக அவர் கூறுவார். ஃப்ளாஷ் வெளிச்சம் சரியாக அத்தொகையின் மீதே விழுந்துள்ளமையால், மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரிவது கண்ணாடியில் விழுந்த அவருடைய நெற்றியும் அதிலுள்ள திருநீறும் மட்டுமே.

இவருக்குக் கீழ்ப்படியில் வேறு இரு பிரிவினர் உள்ளனர். இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கு இங்கிருந்தே பணம் கட்டக்கூடிய பந்தய நிலையமான புக்கியில், தாம் துண்டில் எழுதிய குதிரையின் பெயரைக் கிளாக்கர் வேறாக வாசித்துவிட்டார் என்று சண்டையிடுபவர் ஒருவர். லொத்தர்ச் சீட்டின் கடைசி இலக்கம் அச்சுப்பிழை என்று வாதிடுபவர் மற்றொருவர். இவர்களுடைய பிணக்கு பொழுது சாய்வதற்குள் ஒரு பிளேன்ரீயோடு தீர்ந்துவிடுவதால், ஜாக்பாட்டார் இவர்களைத் தம் இனத்தாராகக் கருதுவதில்லை.

படத்திலுள்ள மெஷின் அத்தொகையைக் காட்டிய அன்று, கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மகனைப் பார்க்கப் போயிருந்தார் என்பதும், மண்டபத்தில் தரப்படும் இலவசச் சாப்பாட்டுக்காகவே உள்ளே நுழைந்தார் என்பதும் அவரது வாக்குமூலத்தின் மாறாத பகுதிகளாகும். மெஷினில் எவ்வளவு போட்டார் என்பது மட்டும் கேட்பவர் மனைவியா, அயலவரா, சட்டத்தரணியா என்பதைப் பொறுத்து மாறும். விளக்குகள் எரிந்தன, பாட்டு ஒலித்தது, பக்கத்து மெஷின்காரர் எழுந்து கைகொடுத்தார். பிறகு சீருடைப் பையன் வந்தான், அவனுக்கு மேலாளர் வந்தார், அவருக்கும் பின்னால் சாவிக்கொத்துடன் ஒருவர் வந்து மெஷினின் வயிற்றைத் திறக்க, திரை இருண்டது. “அங்கிள், மெஷின் ஃபோல்ட்” என்ற மூன்று சொற்களும், போட்ட பணமும், மறுபடியும் ஒரு தட்டுச் சாப்பாடும் அவருக்கு வழங்கப்பட்டன. அந்தச் சாப்பாட்டை உண்டாரா என்பது இன்றுவரை அவர் பதிலளிக்க மறுக்கும் ஒரே கேள்வி.

இத்தகைய இயந்திரங்களில் வெற்றியைத் தீர்மானிப்பது சுழலும் படங்கள் அல்ல என்பதை இங்கே விளக்குதல் தகும். பொத்தானை அழுத்தும் கணத்தில் உள்ளேயுள்ள கணினிச் சில்லு எழுமாற்றாக, அதாவது எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாத வகையில், எண்களைத் தெரிவு செய்துவிடுகிறது. அதன் பிறகு திரையில் நடப்பதெல்லாம், திருவிழாவில் உபயகாரர் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிப்பவர் செய்யும் வேலையே ஆகும். உள்ளேயுள்ள பதிவும் வெளியேயுள்ள திரையும் முரண்படுமாயின் பதிவே செல்லும் என்பது சூதாட்ட நிலையங்களின் நிலைப்பாடு. கோளாறு ஏற்பட்டால் ஆட்டமும் பரிசும் செல்லாது என்னும் வாசகத்தைப் பல நாடுகளில் மெஷினிலேயே ஒட்டியும் விடுகிறார்கள். இதற்கு ஜாக்பாட்டார் எழுப்பும் எதிர்வினா எளிதில் தள்ளக்கூடியதன்று: அத்தனை மணி நேரம் பணத்தை விழுங்கிய வேளையில் ஒரு தடவையேனும் அந்த மெஷினுக்குக் கோளாறு வந்து, விழுங்கியதைத் திருப்பித் துப்பியதுண்டா? கேள்வி நியாயமானதே. ஆனால் பசறைப் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் அகப்பட்டவரிடம், முன்வழியும் பின்வழியும் அடைபட்ட நிலையில், பதுளை நகரம் வரும்வரை அதே கேள்வியைக் கேட்பது எவ்வகை நியாயம் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது.

எனினும் இவ்வகையினரின் தலையாய கலை, மனு எழுதுதலே. மனுவின் உடற்பகுதி ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. கீழே வரும் ‘பிரதிகள்’ என்னும் பகுதியே, அதாவது அம்மனுவின் நகல் யார் யாருக்கு அனுப்பப்படுகிறது என்று காட்டும் பட்டியலே, அவரது முழு ஆற்றலும் வெளிப்படும் இடமாகும். சனாதிபதி செயலகம், மனித உரிமைகள் ஆணைக்குழு, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, ஊவா மாகாண ஆளுநர், மாவட்டச் செயலாளர் என்று இறங்கி வரும் அப்பட்டியல், பூர்வீகம் கருதிக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தையும், சந்தா கருதித் தொழிற்சங்கத்தையும், மரியாதை கருதித் தோட்டத் துரையையும் தொட்டு, இறுதியில் மாரியம்மன் கோயில் பரிபாலன சபையில் வந்து நிற்கும். பரிசில் ஒரு பங்கைக் கோபுர வேலைக்கு நேர்ந்துகொண்டுள்ளமையால் அம்மனும் இவ்வழக்கில் நலனுள்ள ஒரு தரப்பு என்பது அவரது வாதம். அவ்வாதத்தை மறுக்கத் துணியாத பொருளாளர், ‘வரவேண்டியவை’ என்ற தலைப்பின் கீழ் அதைச் சேர்க்கலாமா என்று பொதுக்கூட்டத்தில் கேட்டதாகவும் கதை உண்டு.

பிரதி பெறுபவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காக, முதல் மனுவின் பிரதி யாருக்கெல்லாம் போனது என்பதைத் தெரிவிக்கும் இரண்டாவது மனுவும், அதற்குரிய பிரதிகளும் உண்டு. எல்லாம் பதிவுத் தபாலில் போக வேண்டும். கொமியூனிகேஷனில், அதாவது தொலைபேசி அழைப்புக்கென்று தொடங்கிப் போட்டோ கொப்பியால் பிழைத்துவரும் கடையில், இவருக்கென்று கடன் கொப்பியொன்று தொங்குகிறது. தபாற்கந்தோர்ப் பற்றுச்சீட்டுகள் திகதி வரிசையில் ஃபைலில் ஒட்டப்பட்டுள்ளன. வழக்கின் பெறுமதியை அப்பற்றுச்சீட்டுகளின் கூட்டுத்தொகை நெருங்கி வருவதாக மனைவி சொல்வது மிகைக்கூற்றாக இருக்கலாம்.

பதில் வராதா என்றால், வரும். ‘உமது கடிதம் கிடைத்தது’ என்னும் ஒற்றை வரியுடன் வரும். ஆனால் பல தோட்டங்களில் கடிதங்கள் லயத்து வாசலுக்கு, அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் வீடுகளுக்கு, நேரே வருவதில்லை. தோட்டக் கந்தோரில் மொத்தமாக இறங்கி, யாராவது கொண்டுவந்தால் கொண்டுவந்ததுதான். கதவிலக்கமும் வீதிப்பெயரும் இல்லாத அவ்விலாசத்தில் ஒரே தலையெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட மூவர் இருப்பார்களாயின், சனாதிபதி செயலகத்தின் முத்திரையுள்ள கடிதம் முதலில் வேறொருவர் வீட்டுக்குப் போய், அங்கே இனந்தெரியாத பீதியொன்றைக் கிளப்பிவிட்டே உரியவரை அடையும். அந்தத் தாமதத்துக்கு எதிராகவும் மனு உண்டு. பிரதி: தபால்மா அதிபர்.

உலக வழக்குகளில் இவருக்குள்ள புலமை வியக்கத்தக்கது, ஆயினும் அது பாதியிலேயே நின்றுவிடுவது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 2011-இல் மூதாட்டி ஒருவரின் மெஷின் 4 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைக் காட்டியது என்பது வரை சொல்லி நிறுத்திக்கொள்வார். அம்மூதாட்டிக்கு உரியது 1 டாலர் 85 சதம் மட்டுமே என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்ததைக் கேட்பவர்தான் சொல்ல வேண்டும். ஆட்ட விதிகளில் அப்படியொரு மேலதிகப் பரிசே குறிப்பிடப்படவில்லை, ஆகவே அதைத் தருவதற்கு ஒப்பந்தமும் இல்லை என்பதே அந்நீதிமன்றத்தின் காரணம். மாறாக, இங்கிலாந்து இவர் பக்கம் நிற்கிறது. இணையவழிச் சூதாட்டத்தில் வென்றதாகத் திரை காட்டிய சுமார் 17 லட்சம் பவுண் தொகையை பெட்ஃபிரெட் நிறுவனம் தரவேண்டும் என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்த்தது. 2025-இல், திரை பெரிய ஜாக்பாட்டாகச் சுமார் 11 லட்சம் பவுணைக் காட்ட, உள்ளே தெரிவானது சிறியதுதான் என்று 20,265 பவுணை மட்டும் கொடுத்த பேடி பவர் நிறுவனமும் அதே நீதிமன்றத்தில் தோற்றது. பொடி எழுத்து விதிகளுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது என்பதே இரண்டின் சாரமும். இவ்விரு தீர்ப்புகளையும் அவர் பெயர் பிழையின்றிச் சொல்லும்போது, கேலி செய்ய வந்தவரும் சற்று வாயடைத்துப் போவதுண்டு.

இலங்கையில் நிலைமை வேறு. இந்நாட்டின் பொதுச் சட்டமாகிய ரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, சூதில் வென்ற பணத்தை நீதிமன்றத்தின் மூலம் அறவிட முடியாது என்பது நெடுநாளைய கொள்கை. பதுளை நீதிமன்ற வளாகத்துச் சட்டத்தரணிகள் இதை அவருக்குத் தனித்தனியாக விளக்கியுள்ளனர். 2025-இல் நாடாளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டத்தை நிறைவேற்றியபோது தோட்டத்தில் மகிழ்ந்தவர் இவர் ஒருவரே. பட்டியலில் ஒரு பிரதி கூடிற்று.

இந்தக் காகிதப் பற்றைப் பைத்தியம் என்று ஒதுக்குவதும் முறையன்று. 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பின்னர், 1949-இன் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போக, குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேரே. எந்தத் துண்டுக் காகிதம் எந்தத் தலைமுறையைக் காப்பாற்றும் என்று தெரியாத வீட்டில் வளர்ந்தவன் பற்றுச்சீட்டை எறியமாட்டான். பிறப்புப் பதிவில்லாத பிள்ளைக்கும், பெயர் பிழைத்த அடையாள அட்டைக்கும், வராத சேமலாப நிதிக்கும் அந்த டிவிஷனில் மனு எழுதிக் கொடுப்பவர் இதே ஜாக்பாட்டார்தான். அதற்கு அவர் ஒரு சதமும் வாங்குவதில்லை. எழுதி முடித்தபின் தமது படத்தைக் காட்டுவார், அவ்வளவே.

அதனாலேயே இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. அவருடைய மனைவி கொழுந்து பறிப்பவர். நாட்சம்பளம் 2021-இல் 1,000 ரூபாவாகவும் 2024-இல் 1,350 ரூபாவாகவும் ஆன கதை எல்லாருக்கும் தெரியும். குறித்த கிலோவைப் பறித்தால்தான் ‘பேர்’, அதாவது செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டில் ஒரு முழு நாள், குறைந்தால் அரைப் பேர் என்பது தோட்டத்துக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசும் ஒரு திரையுள்ள மெஷின்தான். அதிலே தெரியும் எடையில் ஈரத்துக்கென்று ஒரு கழிவும் சாக்குக்கென்று ஒரு கழிவும் போக, புத்தகத்தில் ஏறுவது வேறு எண். மழையில்லாத நாளிலும் ஈரம் கழிபடும். அங்கே திரையும் பதிவும் தினந்தோறும் முரண்படுகின்றன, பதிவே வெல்கிறது. “இதுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்களேன்” என்று அந்த அம்மாள் பலமுறை கேட்டாயிற்று. கையிலுள்ள வழக்கு முடியட்டும், கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் பகைத்துக்கொண்டால் துரைக்குப் போகும் பிரதி கெட்டுவிடும் என்பது பதில். கொழும்பு மெஷின் காட்டிய தொகையை எட்டு இலக்கமும் பிசகாமல் ஒப்புவிக்கும் அவரிடம், மனைவிக்கு அன்று எத்தனை கிலோ கழிக்கப்பட்டது என்று கேட்டால், குசினிப் பக்கம் திரும்பி அவரையே கூப்பிடுகிறார்.