மடை மாறத் தெரியாதவன் வீட்டுப் பொயிலர்

எடே தம்பி, ரெண்டு ஸ்வெற்றருக்கு மேலை கோட்டையும் போட்டுக்கொண்டு நிக்கிறாய். குசினிக்கை நிக்கிறியோ, ஹரோ ஸ்ரேசனிலை ரெயினுக்கு நிக்கிறியோ? ஓ, பொயிலர் வேலை செய்யேல்லையோ. அதுக்கு ஏன் போனிலை லைற்றைப் போட்டு அதுக்குத் தீபம் காட்டுறாய்? அது அம்மாளாச்சி இல்லை, வரம் தராது.

நீ கொம்பியூட்டர் படிச்ச ஆள். போனைத் தடவினால் வீடு சூடாகும் எண்டு கொம்மாவுக்குப் புளுகினதை நானும் பக்கத்திலை இருந்து கேட்டனான். நான் உரும்பிராய்ச் செம்மண்ணிலை வெங்காயத்துக்குத் தண்ணி இறைச்சவன். எண்டாலும் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதை. சுவரிலை கிடக்கிற அந்தத் தெர்மோஸ்ற்றற்றின்ரை முகம் ஏன் செத்தவீட்டு முகம் மாதிரிக் கிடக்கு? பற்றறி முடிஞ்சுபோச்சு. போன மாரியிலை ஒருத்தன் வானிலை வந்து, குந்தியிருந்து, பெரிசா ஒரு பெருமூச்சு விட்டு, உதே ரெண்டு பற்றறியை மாத்திப்போட்டு எண்பது பவுண் வாங்கிக்கொண்டு போனவன். நீ அவனுக்கு ரீயும் குடுத்து, வாசல் மட்டும் போய் வழியனுப்பிப்போட்டு வந்தனி.

இந்தா, போட்டாச்சு. பற்றறி எங்காலை எண்டு இப்ப கேளாதை.

இனி அடுப்பை மூட்டு. நெருப்பு வருகுதோ? அப்ப காஸ் இருக்கு. சிரிக்காதை, மீற்றருக்குக் காசு போட மறந்துபோட்டுப் பொயிலரைத் திட்டுற ஆக்கள் உந்த றோட்டிலையே இருக்கினம். ஒக்ரோபர்க் கடைசியிலை மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பிப்போட்டு, ரைமரைத் திருப்பாமல் விட்டு, 'பொயிலர் நேரத்தோடை நிண்டுபோகுது' எண்டு அழுறவையும் இருக்கினம்.

அடுத்தது பெட்டியின்ரை அடிப்பக்கம் குனிஞ்சு பார். வட்டமா ஒரு மணிக்கூடு, அதிலை ஒரு முள்ளு. எங்கை நிக்குது? அரைக்குக் கீழை. எனக்குப் பிறசர் கூட, உன்ரை பொயிலருக்குக் குறைவு. ஆறிக் கிடக்கேக்கை முள்ளு ஒண்டுக்கும் ஒண்டரைக்கும் நடுவிலை நிக்கவேணும். அந்த அளவுக்கு வெள்ளைக்காரன் வைச்ச பேர் 'பார்'. பேரிலையே 'பார், பார்' எண்டு கத்துது, நீ பாக்கேல்லை.

கீழை வெள்ளிப் பின்னல் போட்ட சின்னக் குழாய் ஒண்டு தொங்குதெல்லோ, ரெண்டு தலைப்பிலையும் குட்டி வால்வு. மெல்லமாத் திற. சர் எண்டு சத்தம் கேக்குதோ? முள்ளு எழும்புது. ஒண்டரைக்குக் கிட்ட வர ரெண்டையும் பூட்டு. திறந்து விட்டுட்டு வட்ஸ்அப் பாக்கப் போகாதை. மூண்டைத் தாண்டினால் காவல் வால்வு திறந்து தண்ணி முழுக்க வெளிச்சுவராலை ஓடும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிக்கு நீ பதில் சொல்லு. கிழமைக்குக் கிழமை முள்ளு இறங்குதெண்டால் எங்கையோ ஒழுகுது, இல்லாட்டில் உள்ளுக்கை இருக்கிற காத்துத் தொட்டியிலை காத்துப் போட்டுது. அது குழாய் திறந்து மாறுற வருத்தம் இல்லை, ஆள் பிடி.

கேள், பத்தியிட்டுது. இனி மேல் அறைக்கு வா. ரேடியேற்றரிலை கை வை. அடி சுடுது, தலை குளிருது. உள்ளுக்கை காத்து நிக்குது. எங்கடை இறைப்பு மிசினும் உப்பிடித்தான். புட் வால்வு ஒழுகிக் காத்து ஏறிச்சுதெண்டால் மிசின் குழறும், சொட்டுத் தண்ணி வராது. காத்தை எடுத்தால்தான் தண்ணி. ஹீற்றிங்கை நிப்பாட்டி ஆறவிட்டு, மூலையிலை இருக்கிற சின்னச் சதுர ஆணியை உந்தத் திறப்பாலை அரைச் சுத்து திருப்பு. பாம்பு சீறினமாதிரிச் சீறும். தண்ணி எட்டிப்பாத்த உடனை பூட்டு. துணி பிடியடா, அந்தத் தண்ணி கறுப்பு, காப்பெற்றிலை பட்டால் உன்ரை மனுசி என்னைத்தான் பாப்பாள். பேந்து கீழை போய் முள்ளைப் பார், அது இறங்கியிருக்கும். தலை சுட்டு அடி குளிர்ந்தால் கதை வேறை. இரும்பு கறள் பிடிச்ச சேறு அடியிலை இறுகிப்போச்சு, கழுவ ஆள் வேணும்.

இனித்தான் முக்கியமான சங்கதி. உது கொம்பி பொயிலர். ஒரு நெருப்பு, ரெண்டு பாத்தி. ஒண்டு ரேடியேற்றர், மற்றது பைப். நீ சுடுதண்ணிப் பைப்பைத் திறந்தால் உள்ளுக்கை இருக்கிற ஒரு வால்வு ரேடியேற்றர்ப் பக்கத்தைப் பூட்டி, சூட்டைப் பைப்புக்குத் திருப்பும். தோட்டத்திலை தண்ணி மாறுறவன் என்ன செய்யிறான்? நிறைஞ்ச பாத்தியின்ரை வாயை மண்ணாலை அடைச்சு, அடுத்ததை மண்வெட்டியாலை திறக்கிறான். அவன் வரம்பிலை குந்தி நித்திரை கொண்டால் ஒரு பாத்தி அழுகும், மற்றது காயும். உன்ரை பெட்டிக்குள்ளை இருக்கிறவனும் சில நேரம் நித்திரை. கோடையிலை நீ குளிக்க, ரேடியேற்றர் ஏன் சுடுது எண்டு கேட்டியே, ஞாபகமோ? ஹீற்றிங் போட்டால் மட்டும் சுடுதண்ணி, இல்லாட்டில் பச்சைத்தண்ணி எண்டாலும் அவன்தான் கள்ளன்.

குளிக்கேக்கை ஒருக்காச் சுட்டு ஒருக்காக் குளிர்ந்தால் அது வேறை ஆள். எங்கடை ஊரும் சுண்ணாம்புக்கல், லண்டன் தண்ணியும் சுண்ணாம்பிலை ஊறி வாற தண்ணி. கேத்திலுக்கை வெள்ளையாப் படியுதெல்லோ, அதே படிவு பொயிலருக்கை தண்ணி சுடவைக்கிற தகட்டிலையும் படியும். இருபது வரியம் லண்டன் தண்ணி குடிச்ச உனக்கே உது தெரியாதெண்டால் தகட்டைக் குறை சொல்லி என்ன.

உறைபனி விழுற நாளிலை பொயிலர் களகள எண்டு கொப்புளிச்சு நிண்டால் வெளியிலை போ. 2005 ஏப்ரலிலை இருந்து இங்கை புதிசாப் பூட்டுற காஸ் பொயிலர் ரெண்டொரு விலக்கைத் தவிர எல்லாம் புகையைக் குளிரவைச்சுத் தண்ணியாக்கிற சாதி. அந்தத் தண்ணி வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாயாலை வெளியிலை போகும். 2010 டிசம்பர்க் குளிருக்கை அது உறைஞ்சு எத்தினை வீடு விறைச்சுது. கொதிதண்ணி ஊத்தாதை, குழாய் வெடிக்கும். கை பொறுக்கிற சூட்டிலை ஊத்து, பேந்து றீசெற்றை ஒருக்கா அமத்து. ஒருக்கா எண்டால் ஒருக்கா. லிப்ற் பட்டன் மாதிரிக் குத்தாதை.

என்ன, குறட்டைத் தூக்குறாய்? வை கீழை. முன்மூடியைத் தொட்டால் கையை முறிப்பன். சில பொயிலரிலை அந்த மூடிதான் புகையை வீட்டுக்கை வரவிடாமல் பிடிச்சிருக்கும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதுக்கு அலாம் வாங்கிப் பூட்டு. காஸ் வேலைக்குக் 'காஸ் சேவ்' அட்டை வைச்சிருக்கிறவன்தான் வேணும். அட்டையின்ரை பின்பக்கத்தையும் வாசி, என்னென்ன வேலைக்கு அவனுக்கு அனுமதி எண்டு அதிலைதான் இருக்கும். காஸ் மணத்தால் யன்னலைத் திற, சுவிச்சைத் தொடாதை, வெளியிலை போய் நிண்டு 0800 111 999க்கு அடி.

சரி, நான் குளிக்கப் போறன். கொம்பியிலை ரெண்டு பைப் ஒண்டாத் திறந்தால் ரெண்டிலையும் தண்ணி நூலாத்தான் வரும், அதாலை நான் இறங்கி வரு மட்டும் கீழை ஒருத்தரும் கோப்பை கழுவப்படாது. ரீவியும் பாக்கேலாது. அந்த ரெண்டு பற்றறியும் உன்ரை றிமோட்டிலை கழட்டினது.