காதில் பூச்சுற்றியவர்கள்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு செல்போன் காணாமல் போனது. திருட்டு இல்லை. வீட்டுக்குள்ளேதான் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, அழைத்தால் மணியும் அடித்தது. அப்பா பூஜை அறை என்றார். தங்கை மாடிப்படி என்றாள். நான் சோபாவைக் கவிழ்த்துப் போட்டுவிட்டேன். மணி என்றால் பாட்டு கீட்டு இல்லை. ஊசி குத்துகிற மாதிரி ஒரே சுருதியில் ஒரு ‘பீப்’. பாட்டிக்கு இடது காது பத்து வருஷமாகக் கேட்காது. “எல்லாரும் வாயை மூடிக்கிட்டு நில்லுங்கடா” என்று அதட்டிவிட்டு, கூடத்தின் நடுவே நின்று, கோயில் யானை மாதிரி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பினாள். பிறகு நேராகச் சமையலறைக்குப் போய் அரிசி டின்னைத் திறந்தாள்.

ஆறு காது தோற்ற இடத்தில் ஒற்றைக் காது ஜெயித்தது எப்படி? இந்தக் கேள்விக்கு 1796-லேயே ஒரு பாதிரியார் பதில் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் பெயர் ஜியோவானி பாட்டிஸ்டா வெஞ்சுரி. பழைய பைக் வைத்திருப்பவர்களுக்குப் பொறி தட்டியிருக்கும். கார்புரேட்டரின் தொண்டைக்குழிக்கு ‘வெஞ்சுரி’ என்று பெயர் வந்தது இந்த இத்தாலிக்காரரால்தான். குருப்பட்டம் வாங்கியவர், பேராசிரியர். பூசை வைக்க வேண்டிய மனிதர் என்ன செய்தார் என்றால், ஒரு ஆளைக் கண்ணைக் கட்டி வெட்டவெளியில் நிறுத்தினார். நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி மணியையோ புல்லாங்குழலையோ ஒலிக்கவிட்டு, “சத்தம் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். பிள்ளைகள் செய்தால் அது கண்ணாமூச்சி, பேராசிரியர் செய்தால் ஆய்வுக் கட்டுரை.

இரண்டு காதும் திறந்திருந்தால் ஆள் சரியாகக் கைகாட்டினார். ஒரு காதை அடைத்தால் குழம்பினார். ஆனால் தலையைத் திருப்ப விட்டால், சத்தம் எங்கே பலமாக விழுகிறதோ அதை வைத்து ஒற்றைக் காதாலேயே திசையைப் பிடித்துவிட்டார். பாட்டி வெஞ்சுரியைப் படித்ததில்லை. வெஞ்சுரிதான் யாரோ ஒரு பாட்டியைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து வந்தவர் ஒரு பண்ணையார். வானம் ஏன் நீலம் என்று பள்ளிப் பாடத்தில் நம்மை வதைத்த அதே ராலே பிரபு. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பக்கம் டெர்லிங் என்ற ஊரில் ஏகப்பட்ட நிலம், குடும்பத்துக்குப் பால் வியாபாரம் வேறு. 1876-ல் நிலபுலன் கணக்கையெல்லாம் தம்பி தலையில் கட்டிவிட்டு, தான் புல்வெளியில் போய்க் கண்ணை மூடி நின்றார். சுற்றிலும் உதவியாளர்கள் வட்டமாக நின்றார்கள். ஒருவர் பேச வேண்டும், பிரபு திசை சொல்ல வேண்டும். பேச்சுக் குரல் என்றால் தப்பாமல் சொன்னார். குரலுக்குப் பதில் இசைக்கவையை, அதாவது பள்ளி ஆய்வகத்தில் தட்டி விளையாடுவோமே அந்த இரண்டு பல் இரும்பை, ஒலிக்க வைத்ததும் பிரபுவின் மானம் போனது. இடது வலது சரியாக வந்தது. முன்னால் ஒலிப்பதற்கும் பின்னால் ஒலிப்பதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

காரணம் எளிது. நம் இரண்டு காதுகளுக்கும் இடையே சுமார் 20 சென்டிமீட்டர். வலப்பக்கத்துச் சத்தம் வலது காதைத் தொட்ட பிறகு இடது காதை எட்ட, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகூட ஆவதில்லை. அந்தத் துளி வித்தியாசத்தை மூளை கணக்குப் போட்டுத் திசை சொல்கிறது. வரிசையில் யார் முதலில் வந்தார் என்று ரேஷன் கடையில் நடக்கும் பஞ்சாயத்து மாதிரிதான். ஆனால் மூளை ஒரு லட்சத்தில் ஒரு பங்கு நொடி வரைக்கும் துல்லியமாகத் தீர்ப்பு சொல்லும். கீச்சுச் சுருதி என்றால் தலையே மறைத்துக்கொண்டு, மறுபக்கக் காதில் சத்தத்தைக் குறைத்துவிடும். இந்த இரட்டைக் கணக்கை ராலே 1907-ல் எழுதி முடித்தார். ஆனால் நேர் முன்னாலும் நேர் பின்னாலும் இருந்து வரும் சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வருகிறது, பஞ்சாயத்து முடங்கிவிடுகிறது. குரலில் பல சுருதிகள் கலந்திருப்பதால் காதுமடலின் மடிப்புகள் அதைச் சலித்துத் துப்புக் கொடுக்கும். ஒற்றைச் சுருதியில் சலிக்க எதுவும் இல்லை. எங்கள் ‘பீப்’ அப்படித்தான் அப்பாவைப் பூஜை அறைக்கு அனுப்பியது.

இனிமேல்தான் வேடிக்கை. காதின் கணக்கு தெரிந்துவிட்டால் அந்தக் கணக்கில் கள்ளக் கையெழுத்தும் போடலாம் அல்லவா? தமிழில் இதற்கு ‘காதில் பூச்சுற்றுவது’ என்று பெயர். வெள்ளைக்காரர்கள் இதைக் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்தார்கள்.

முதல் பூ 1880-ல். அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃபிரட் மேயர், பனிமூட்டத்தில் தவிக்கும் கப்பல் தலைவர்களுக்காக ‘டோபோஃபோன்’ கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். தோளில் காவடி மாதிரி ஒரு கழி, இரு முனையிலும் சத்தம் வாங்கும் குடுவைகள், அங்கிருந்து காதுக்குக் குழாய். காவடியோடு உடம்பைத் திருப்பித் திருப்பி, எதிர்க் கப்பலின் சங்கொலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கலாம். இரண்டு காதுக்கும் இடையே உள்ள தூரத்தைச் செயற்கையாக அகலப்படுத்துவதுதான் தந்திரம். அறிவியல் சரி. ஆனால் கப்பலோட்டிகள் தன்மானம் உள்ளவர்கள். காவடி எடுக்க அவர்கள் முண்டியடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு பாரிஸ். மின்சாரக் கண்காட்சி. கிளெமோன் ஆதேர் என்பவர் ஓபரா மேடையின் விளிம்பு நெடுகத் தொலைபேசி ஒலிவாங்கிகளை வைத்து, சாக்கடைச் சுரங்கம் வழியாகக் கம்பி இழுத்து, கண்காட்சி அரங்கில் காதுக்கு ஒன்றாக இரண்டு குழல் கொடுத்தார். பாடகி மேடையில் இடமிருந்து வலம் நகர்ந்தால், எங்கேயோ உட்கார்ந்திருப்பவரின் மண்டைக்குள்ளும் இடமிருந்து வலம் நகர்ந்தாள். உலகின் முதல் ஸ்டீரியோ சங்கீதம் சாக்கடை வழியாக வந்தது என்பதைச் சங்கீத விமர்சகர்கள் கவனிக்க வேண்டும். அந்த நவம்பரில் விக்டர் ஹ்யூகோவே பேரப்பிள்ளைகளோடு போய்க் கேட்டு வியந்தார். 1890-ல் இது ‘தெயாத்ரோஃபோன்’ என்ற வியாபாரமாகி, ஹோட்டல்களில் காசு போட்டால் ஐந்து நிமிடம் ஓபரா என்று ஓடியது. எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் 1911-ல் சந்தா கட்டினார். ஒருநாள் குழலைக் காதில் வைத்து, இனிமையாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் உருவமில்லாமல் இருக்கிறது என்று ரசித்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் புரிந்தது, அது இடைவேளை இரைச்சல். நவீன இசையை ரசிக்கும் எல்லோருக்கும் இந்தச் சம்பவத்தில் ஆறுதல் உண்டு.

பிறகு போர் வந்தது. விமானம் வருகிறதா என்று கேட்க ராணுவங்கள் ராட்சசக் கொம்புகளைக் காதில் மாட்டின. ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ இவற்றைப் பார்வையிடும் புகைப்படம் பிரபலம். சக்கரத்தில் ஏற்றிய கொம்புகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால், கல்யாண வீட்டுக்கு வந்த நாதஸ்வரக் கோஷ்டி இடம் தெரியாமல் நிற்கிற மாதிரி இருக்கும். பிரிட்டிஷ்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், கென்ட் கடற்கரையில் டெஞ்ச் என்ற இடத்தில் கான்கிரீட்டிலேயே காது கட்டினார்கள். ஒன்று 20 அடி, ஒன்று 30 அடி, மூன்றாவது 200 அடி நீள வளைசுவர். எதிரி விமானம் வருவதைச் சில நிமிடம் முன்னதாகச் சொல்லும். 1930-களின் நடுவில் விமானப்படையின் பெரிய தலை ஹியூ டௌடிங் இந்த மாதிரி ஒரு காதைச் சோதிக்க வந்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் கடகடவென்று ஒரு பால் வண்டி போனது. சோதனை அதோடு சரி. பால் வியாபாரப் பண்ணையார் வளர்த்த கல்வியைப் பால் வண்டியே கவிழ்த்தது. அதற்குள் ரேடாரும் வந்துவிட, கான்கிரீட் காதுகள் கடலைக் கேட்டுக்கொண்டு இன்றும் நிற்கின்றன.

1931-ல் லண்டன் தியேட்டர் ஒன்றில் ஆலன் ப்ளம்லைன் என்ற இளைஞர் படம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பின்னாளில் மனைவியான டோரீன். திரையில் கதாநாயகன் ஒரு ஓரத்தில் வாயசைக்கிறான்; குரலோ எப்போதும் ஒரே பெட்டியிலிருந்து வருகிறது. சாதாரண ஆள் என்றால் அந்த நேரத்தில் பாப்கார்ன் வாங்கித் தந்திருப்பார். ப்ளம்லைன், ஆள் போகிற இடத்துக்குக் குரலும் போக வழி இருக்கிறது என்று டோரீனுக்கு விளக்க ஆரம்பித்தார். அந்த டிசம்பரிலேயே எழுபது உரிமைக்கோரல்களோடு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றைய ஸ்டீரியோவின் மூலப்பத்திரம் அதுதான். ஒரே பள்ளத்தில் இரண்டு தடத்தையும் வெட்டும் இசைத்தட்டு முறைகூட அதில் இருந்தது.

நிரூபிக்க 1935-ல் படமும் எடுத்தார். கதை என்ன? ஹேய்ஸ் ரயில் நிலையத்தில் ரயில் போகிறது. இன்னொன்றில் கோட்டுப் போட்ட இன்ஜினியர்கள் மேடையில் குறுக்கும் நெடுக்கும் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். இவ்வளவுதான். கதாநாயகி இல்லை, சண்டை இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டிய உலகின் முதல் சினிமா அது. அவர் வேலை பார்த்த கம்பெனிக்கோ ஆர்வம் வரவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டியது. ப்ளம்லைன் ரேடார் வேலைக்கு மாறி, 1942 ஜூனில் அதைச் சோதித்த விமானம் விழுந்து 38 வயதில் இறந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1958-ல். கிண்டலடிக்க எனக்கு மனம் வராத ஒரே பத்தி இது.

அமெரிக்காவிலோ எல்லாம் ஆர்ப்பாட்டம். 1933-ல் பெல் ஆய்வகம் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவின் கச்சேரியை மூன்று தடங்களில் வாஷிங்டனுக்கு அனுப்பியது. குழுவின் நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி, குச்சியை உதவியாளர் கையில் கொடுத்துவிட்டு, வாஷிங்டனில் உட்கார்ந்து சத்தம் கூட்டும் குமிழைத் திருகினார். மைக்செட்காரராக வேண்டும் என்ற ஆசை எந்த வித்வானுக்குத்தான் இல்லை! அவரே பிறகு வால்ட் டிஸ்னியோடு சேர்ந்தார். ஒரு தேனீ தியேட்டர் முழுக்க ரீங்காரம் போட்டுக்கொண்டு பறக்க வேண்டும் என்று டிஸ்னிக்கு ஆசை. இதற்காகப் பிறந்ததுதான் 1940-ல் ‘ஃபேன்டேசியா’ படத்தோடு வந்த ‘ஃபேன்டசௌண்ட்’. தியேட்டர் ஒன்றுக்குச் சுமார் 85,000 டாலர். சில ஊர்களுக்கு மேல் தாங்கவில்லை. இதில் கொடுமை, தேனீ காட்சி படத்திலேயே இல்லை. தேனீயை விரட்டிவிட்டுத் தேன்கூட்டுக்கு மட்டும் வாடகை கொடுத்தார்கள்.

அதன் பிறகு வீட்டுக்கு வீடு ஸ்டீரியோ. விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால், பிங்பாங் பந்து இடதும் வலதும் குதிக்கும் இசைத்தட்டைக் கேட்டே ஆக வேண்டும். 1967-ல் பிங்க் ஃபிளாய்ட் குழு லண்டன் அரங்கில், ஒரு கைப்பிடியை ஆட்டிக் காலடிச் சத்தத்தைப் பார்வையாளர்களைச் சுற்றி நடக்க விட்டது. கச்சேரி முடிந்ததும் அந்தக் கருவியே நடந்துவிட்டது; யாரோ திருடிக்கொண்டு போனார்கள். எழுபதுகளில் நான்கு ஸ்பீக்கர் முறை வந்தது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மூன்று தரங்கள், சரியாகக் கேட்க நடுவில் ஒரே ஒரு நாற்காலி. கூட்டுக்குடும்பத்துக்கு ஒத்துவருமா? போய்ச் சேர்ந்தது. 2012-ல் டால்பி அட்மாஸ் கூரையிலும் ஸ்பீக்கர் வைத்தது. இந்தியாவில் அதில் முதலில் வந்த படம் எது? அந்த டிசம்பர் 12-ல், ரஜினி பிறந்தநாளில் வெளியான ‘சிவாஜி’ 3டி. டிஸ்னி கேட்ட தேனீக்குப் பறக்க இடம் கிடைத்தது 72 ஆண்டு கழித்து.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் கப்பல் தலைவருக்காகக் காவடி கட்டிய மேயரின் நோக்கத்தை, வழி தெரியாதவனுக்குச் சத்தத்தால் வழிகாட்டுவதை, அநேகமாக எல்லோரும் மறந்துவிட்டார்கள். கடைசியில்தான் நினைவு வந்தது. ஆம்புலன்ஸின் ஊளை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வண்டிகள் தடுமாறுவது ஏன்? ராலேயின் இசைக்கவைக் கதைதான். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டெபோரா விதிங்டன், பல சுருதிகள் கலந்த ‘ஷ்ஷ்’ சத்தத்தைச் சைரனோடும் தீ விபத்து வெளியேறும் வழிகளோடும் சேர்த்துக் காட்டினார். புகையில் கண் தெரியாதபோதும் கதவு எங்கே என்று காது சொல்லிவிடும்.

2018-ல் மைக்ரோசாஃப்ட் ‘சௌண்ட்ஸ்கேப்’ என்ற செயலியைப் பார்வையற்றோருக்காக வெளியிட்டது. போக வேண்டிய இடத்தைக் குறித்துவிட்டால், ஹெட்போனில் அந்தத் திசையிலிருந்தே டக் டக்கென்று ஒரு தட்டல் கேட்கும். அங்கே தட்டுபவர் யாரும் இல்லை, சுத்தமான காதுப்பூ. முகத்தைச் சரியான திசைக்குத் திருப்பினால் தட்டலோடு ஒரு மணியும் சேரும். 2023-ல் அதைக் கைவிட்ட நிறுவனம் நிரலைப் பொதுவில் வைக்க, வேறு சிலர் எடுத்து நடத்துகிறார்கள்.

வெஞ்சுரி கண்ணைக் கட்டி வெட்டவெளியில் நிறுத்திய ஆளை யோசித்துப் பாருங்கள். இருநூற்றிச் சொச்சம் ஆண்டு அங்கேயே நின்றவரைச் சுற்றி ஓபராவும் ரயிலும் தேனீயும் சுற்றிச் சுற்றி வந்தன. “எங்கே போகணும், சொல்லுங்க” என்று இப்போதுதான் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரும் தலையைத் திருப்புகிறார், மணி சேர்கிறது, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு நடக்கிறார்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். வலது காதைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: “அதெல்லாம் சரி, போனை அரிசி டின்னுல போட்டது யாரு?”

நான் திசை தெரியாத மாதிரி அப்பாவைப் பார்த்தேன்.