மாதுங்காவின் ஜப்பானிய உணவகங்கள்: ஈரக்கையோடு ஓர் ஆய்வு

மும்பையின் மாதுங்காவில் எத்தனை ஜப்பானிய உணவகங்கள் உள்ளன என்ற கேள்வியைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை எழுப்பியதாகத் தெரியவில்லை. கிங்ஸ் சர்க்கிளை மூன்று முறை சுற்றி, வாழையிலை விற்பவரிலிருந்து பூக்கட்டும் அம்மாள் வரை விசாரித்தேன். "ஒண்ணும் கிடையாதே" என்றார்கள். அவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொல்கிறார்கள். பலகையை நம்புகிறவன் ஆய்வாளனாக முடியாது. என் கணக்கில் குறைந்தது நான்கு தேறும்.

தாஜ் ஹோட்டலில் 2004 முதல் இருக்கும் வசாபி என்ற ஜப்பானிய உணவகத்தை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அங்கே மீனும் சோறும் குச்சியும் உண்டு என்பதை மறுக்கவில்லை. விலக்கியதற்குக் காரணம் முறையியல் சார்ந்தது. குறிப்பாக, ஆய்வாளரின் பர்ஸ் சார்ந்தது.

முதலில், வயது விதி. தலைமுறை தாண்டிய கடையை ஜப்பானியர்கள் 'ஷினிசே' என்பார்கள். கியோட்டோவில் சோபா நூடுல்ஸுக்குப் பேர்போன ஹொன்கே ஓவாரியா 1465இல் தொடங்கியது. நம் தரப்பில் அந்த நான்கு: கஃபே மைசூர் 1936, ராம் ஆஷ்ரய் 1939, கஃபே மெட்ராஸ் 1940, ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942. இடையில் 471 ஆண்டுகள் விழுகின்றனவே என்று எதிர்வாதி கேட்கலாம். ஹொன்கே ஓவாரியா ஆரம்பத்தில் வெறும் மிட்டாய்க்கடை. தவிர, 1465இல் மும்பையே ஏழு தீவு. டிபனுக்குப் போக ஓடம் பிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

இந்த நான்கில் ஒன்றுகூடத் தமிழர் தொடங்கியதல்ல, எல்லாம் கன்னடக் கடற்கரைக்காரர்களின் கைவண்ணம் என்பதை மாதுங்காத் தமிழர்கள் பேச விரும்புவதில்லை. சாம்பாரில் வெல்லம் இருப்பதைப் பற்றி மட்டும் பேசுவார்கள், இரண்டாவது கிண்ணம் கேட்டபடியே. ரூயியா கல்லூரிப் பக்கம் 1937இல் பாலக்காட்டு ஐயர் ஒருவர் தொடங்கிய மணீஸ் லஞ்ச் ஹோம்தான் நம் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றுகிறது.

அடுத்து, ரயில் நிலைய விதி. உலகப் புகழ்பெற்ற சுஷிக் கடையான சுகியபாஷி ஜிரோ, டோக்கியோவின் கின்சாவில் சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டிய கட்டிடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. இருக்கை பத்தே பத்து. 2007இல் மிஷலின் மூன்று நட்சத்திரம் கொடுத்தது. 2014இல் ஒபாமா வந்து சாப்பிட்டுப் போனார். ராமா நாயக்கோ மாதுங்கா ஸ்டேஷனை ஒட்டிய மார்க்கெட் கட்டிடத்தில் மாடியில். அங்கே படி இறங்க வேண்டும், இங்கே ஏற வேண்டும். பசியோடு ஏறி, வயிறு நிறைந்தபின் இறங்குவதே உடற்கூற்றுக்கு உகந்தது என்பதால் இந்தச் சுற்றில் மாதுங்காவுக்கே வெற்றி.

'ஒமகாசே' என்று ஒரு வழக்கம். என்ன வேண்டும் என்று நாம் சொல்லக்கூடாது; சமைப்பவர் கொடுப்பதைச் சாப்பிட வேண்டும். ராம் ஆஷ்ரயில் அன்றைக்கு எந்தப் பழத்தில் சீரா என்பதைப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். (ரவா கேசரிக்கு மும்பையில் சீரா என்று பெயர். இதற்காக இன்னும் சண்டை போடுகிறவர்கள் உண்டு.) இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

விரிவாகப் பேச வேண்டியது நாற்காலியைப் பற்றி. ஜிரோவில் இருபது சுஷி அரை மணிக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் வேறு மேஜைக்கு மாற்றி முலாம்பழம் கொடுப்பார்கள். எழுந்திரு என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது. மாதுங்காவில் முலாம்பழத்தின் வேலையை மனிதர்களே செய்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு கடை. நான்கு பேர் மேஜையில் முன்பின் தெரியாத இருவரோடு நானும், பக்கத்துக் கட்டிடத்து மாமாவும். எனக்கு முன்னால் ரசவடை. அடிப்பாதி ஊறி மெத்தென்று ஆகிவிட்டது, மேல்பாதி இன்னும் முறுகலாக இருக்கிறது. ஸ்பூனை வைத்தால் எந்தப் பக்கம் உடையும் என்று சொல்ல முடியாத அந்தப் பதம். என் நாற்காலியின் முதுகில் எட்டு வயதுப் பையன் ஒருவன் மோவாயை வைத்து நின்றான். மூச்சு காதில் பட்டது. அவன் அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா என் தட்டைப் பார்த்தாள்.

"அங்கிள், இதுதான் லாஸ்ட்டா?"

"இன்னும் காபி இருக்குடா கண்ணா."

பையன் திரும்பி, "மம்மி, காபி வேற இருக்காம்" என்று அறிவித்தான். அவசரத்தில் ரசம் புரையேறியது. மாமா என் தலையில் தட்டினார். "மெதுவா உறிஞ்சுடா, ரசம் எங்கயும் ஓடிடாது." ஜப்பானில் சோபாவை சர்ரென்று உறிஞ்சினால் யாரும் முகம் சுளிப்பதில்லை, மாமா அதே ஒலியில் ரசம் குடிக்கிறார் என்ற தரவை இருமலுக்கிடையில் குறித்துக்கொண்டேன்.

இனி ஆய்வின் மறுபாதி. மாதுங்காவில் ஜப்பான் இருந்தால், ஜப்பானில் மாதுங்கா இருக்க வேண்டுமல்லவா? இருக்கிறது. திருவனந்தபுரத்தில் பிறந்து 1928இல் கியோட்டோவுக்குப் படிக்கப் போய், ராஷ் பிகாரி போஸோடு விடுதலை இயக்கத்தில் நின்ற ஏ. எம். நாயர், 1949இல் அதே கின்சாவில் திறந்த நாயர் ரெஸ்டாரண்ட் இன்றும் நடக்கிறது. கபுகி நாடக அரங்கிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அங்கே பெயர்போனது 'முருகி லஞ்ச்' என்கிற கோழிக்கறிச் சாப்பாடு. பரிமாறுகிறவர் மேஜையிலேயே கோழிக்காலின் எலும்பை உருவி எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். சோற்றை வெள்ளையாகத் தனிக்கிண்ணத்தில் வைத்து, குழம்பு படாமல் காப்பாற்றி வளர்ந்த ஒரு சமூகத்திடம் போய், பிசை என்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! விரல் மட்டும்தான் பாக்கி. அங்கே ஸ்பூனால் பிசைகிறார்கள்.

கண்டறிந்ததையெல்லாம் மாமாவிடம் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அங்க கடைசியில மோர் ஊத்துவாளோ?"

"கிரீன் டீ கொடுப்பா, மாமா."

"சாதத்துலயா?"

சோற்றில் கிரீன் டீ ஊற்றிச் சாப்பிடும் 'ஒச்சாசுகே' அங்கே உண்மையிலேயே உண்டு. ஆனால் அதைச் சொன்னால் மாமா ஆய்வுக் குழுவிலிருந்து விலகிவிடுவார் என்பதால் மறைத்துவிட்டேன்.

நாயர் கடையின் பிசைதலை நேரில் அளந்துவர கின்சா பயணத்துக்கு நிதி கோரப்படுகிறது. அது வரும்வரை களப்பணி மாதுங்காவில் தொடரும். ஃபாஸ்ட் லோக்கல் அங்கே நிற்காது, ஸ்லோவில் ஏறவும். திங்கட்கிழமை ஆய்வுக்கூடம் விடுமுறை.