கிராணி மேசையிலயே கெடக்கட்டும்

ஏம்பா தம்பி, கோயில் கமிட்டிக்குச் செயலாளர் ஆயிட்ட. மாலை போட்டாச்சு, போட்டோ பிடிச்சாச்சு, அதை வாட்சாப்புல சுத்த விட்டும் ஆச்சு. இப்பக் கோயில் இமெயிலை லேப்டாப்புல ஏத்தப் போனா, 'பாப் வேணுமா, ஐமேப் வேணுமா'ன்னு அது கேக்குதாம். நீ கெழவன்கிட்ட ஓடி வர்ற. பால்மரம் வெட்டுன கைக்கு இதெல்லாம் என்ன தெரியும்னுதானே நினைக்கிற? நினைச்சுக்க. ஆனா மரம் வெட்டப் போறதுக்கு முந்தி நான் தோட்டத்து ஆபீஸ்ல தபால் பை தூக்குனவன். எம்பொண்ணு ஆயர் குரோவுல கம்ப்யூட்டர் வேலை பாக்குறா. பை என்னுது, விளக்கம் அவளுது.

அப்பல்லாம் லயத்துக்கு நேரா கடுதாசி வராது. ஜாசின் போஸ்டாபீஸ்ல பையை வாங்கியாந்து தோட்டத்துக் குமாஸ்தா, அதான் கிராணி, அவரு மேசையில கொட்டுவேன். பேரைச் சொல்லிக் கேட்டா அவரு எடுத்துக் கையில குடுத்துருவாரு. வீட்டுக்குக் கொண்டு போனதுக்கப்புறம் அது உன் பாடு. கறையான் அரிச்சாலும் சரி, பொஞ்சாதி அடுப்புல போட்டாலும் சரி, கிராணிகிட்ட வந்து தலையைச் சொறிஞ்சு புண்ணியமில்ல. அதான்டா பாப். சர்வர் கதவைத் தட்டி, பேரு சொல்லி, பாஸ்வர்டு சொல்லி, எத்தனை வந்திருக்குன்னு கேட்டு, மொத்தத்தையும் அள்ளிக்கிட்டு, அங்க இருக்குறதை அழிச்சிட்டு வந்துரும். அதுலயும் ஒரு நல்ல குணம் இருக்கு. 'அழி'ன்னு சொன்ன உடனே சர்வர் அழிக்காது, குறிச்சுத்தான் வச்சுக்கும். 'போயிட்டு வர்றேன்'னு முறையா விடைபெத்தாத்தான் அழிக்கும். நடுவுல லைன் அறுந்துட்டா குறிச்சதெல்லாம் ரத்து.

அந்தக் குணத்தோட அருமை டயல்-அப் காலத்து ஆளுங்களுக்குத்தான் தெரியும். 1996-ல டிஎம்நெட் இண்டர்நெட் சேவை வந்துச்சு. 1515-க்குப் போன் போட்டா மோடம் கீச்சுகீச்சுன்னு கத்தும், பில்லு ஏறிக்கிட்டே இருக்கும், மழை இடிச்சா லைன் செத்துரும். ஓடிப் போய் அள்ளிக்கிட்டு ஓடி வர்ற பாப்தான் அன்னிக்குப் புத்திசாலித்தனம். இப்ப ஓடுற பாப் 3-ஐ எழுதுனது 1988-ல. அதுக்கும் ரெண்டு வருசம் முந்தியே, 1986-ல, ஸ்டான்ஃபோர்டுல மார்க் கிறிஸ்பின்னு ஒருத்தர் ஐமேப்பை ஆரம்பிச்சுட்டாரு. அதனால பாப் 3-தான் பழசு, ஐமேப் புதுசுன்னு யார்கிட்டயும் போய் அளக்காத. ரெண்டும் கெழடுதான்.

ஐமேப்ல கடுதாசி கிராணி மேசையை விட்டு நகராது. நீதான் அங்க போய்ப் படிக்கிற. முதல்ல யாரு அனுப்பினது, என்ன விசயம்னு தலைப்பை மட்டும் காட்டும். வேணும்னா உள்ளே பிரிச்சுக்கலாம். படிச்சது, பதில் போட்டது, முக்கியம்னு நட்சத்திரம் குத்துனது எல்லாமே சர்வர்லயே குறிப்பா நிக்கும். லேப்டாப்புல படிச்சதை ஹேண்ட்போன் மறுபடி புதுசுன்னு காட்டாது. புதுசா வந்தா அதுவே கூப்பிட்டுச் சொல்ற வித்தையும் 1997-ல சேர்ந்துச்சு. பாப்பு மாதிரி அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கதவைத் தட்டத் தேவையில்ல.

ஆனா நான் உன்னை வற்புறுத்த மாட்டேன். செயலாளருக்குப் பாப் மாதிரி ஒரு சுகம் வருமா? கோயில் கடுதாசி பூரா உன் லேப்டாப்புக்குள்ள. தலைவர் திறந்தா காலி, பொருளாளர் திறந்தா காலி. பாப்புக்கு உள்பெட்டி ஒண்ணைத் தவிர வேற பெட்டியே தெரியாது, அதனால நீ அனுப்புன கடுதாசியோட நகலும் உன்கிட்ட மட்டும்தான். நகராண்மைக் கழகத்துக்குத் திருவிழா அனுமதி கேட்டு எழுதுனியா இல்லையான்னு கூட்டத்துல எவன் கேட்டாலும் 'எழுதுனேன்'னு நெஞ்சை நிமித்திச் சொல்லலாம். ஆண்டுக்கூட்டம் முடிஞ்சு 60 நாளைக்குள்ள சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை அனுப்பணும், இல்லையா? அதைப் பத்தின கடுதாசி வந்தப்ப உன் லேப்டாப் ரிப்பேர் கடையில கெடந்தா, நீ என்ன பண்ணுவ, பாவம்! அடுத்த வருசம் உன்னை எறக்கிட்டு வேற ஆளைப் போட்டா, அவன் தேங்காய் பழத்தட்டோட உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கணும். அந்த மரியாதை ஐமேப்புல கிடைக்காது. மலாக்கா டவுன்ல பொய்யாத விநாயகர் கோயில் 1781-ல எழும்பினது. சாமி அங்கயேதான் இருக்காரு, கமிட்டிங்கதான் வந்து வந்து போகுது. இது உன்னை மாதிரி ஆளுங்களுக்கு ஞாபகத்துல நிக்குறதில்ல.

'சர்வர்ல ஒரு நகலை விட்டுவை'ன்னு பாப்புலயும் ஒரு கட்டம் இருக்கும், அதைத் தட்டிரலாம்னு சொல்லுவ. தட்டு. கடுதாசி தங்கும்; ஆனா யாரு படிச்சா, யாரு பதில் போட்டான்னு தெரியாது. மூணு பேரும் அதே கடுதாசிக்கு மூணு பதில் போடுவீங்க. அதுவும் நம்ம கமிட்டி வழக்கம்தானே.

ஐமேப்பையும் நான் தலையில தூக்கி வச்சு ஆடலை. அங்க ஒருத்தன் அழிச்சா எல்லாருக்கும் அழியும். பொருளாளர் பேரப்புள்ள போனை நோண்டி நன்கொடைக் கடுதாசியைக் குப்பையில போட்டா, உன் லேப்டாப்புலயும் அது குப்பைதான். ஜிமெயில் ஓசியில குடுக்குறது 15 ஜிபி; போட்டோ, டிரைவ் எல்லாத்துக்கும் சேத்து அவ்வளவுதான். தீமிதி வீடியோவை எல்லாம் அதுல ஏத்திட்டு, கடுதாசி வரலைன்னு ஊரைக் கூட்டாத. வருசத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் தனியா ஒரு டிஸ்க்குல இறக்கி வச்சுக்க. பாப்பு இன்னமும் உதவுற இடமும் அந்த மாதிரிதான்: ஒரே ஆளு, ஒரே மெசினு, எல்லாம் என் கைக்குள்ளயே இருக்கட்டும்கிறவனுக்கு.

இன்னொண்ணு. இந்த ரெண்டும் வாங்குறதுக்கு மட்டும்தான். அனுப்புறதுக்கு எஸ்எம்டிபின்னு வேற ஒருத்தன், பெரும்பாலும் 587-ல உக்காந்திருப்பான். கடுதாசி வருது, ஆனா போகலைன்னா ஐமேப்பைத் திட்டாம அவனைப் போய்ப் பாரு.

சரி, லேப்டாப்பைத் திற. ஐமேப், 993-னு போடு. அது பூட்டுப் போட்ட வாசல். 143 பழைய வாசல், அங்க தானா பூட்டு விழாது. வெறும் பாஸ்வர்டு போட்டுப் பாக்காத, சாதாரண ஜிமெயில் கணக்குல 2022-லயே அதை நிறுத்திட்டான். கூகுள் பக்கத்துலயே உள்ள நுழையச் சொல்லும். ஆச்சா? அப்படியே பொருளாளரைக் கூப்பிடு, அவரு போன்லயும் போட்டுரலாம். அவரு கண்ணுல படக்கூடாத ரசீது கிசீது எதாச்சும் அதுல கெடந்தா இப்பவே சொல்லிரு. பாப்புக்கு 995.