கறுப்புப் பூஞ்சையை வீட்டுக்கு அழைப்பது எப்படி?

மியூக்கர் வகைப் பூஞ்சைக்குப் பத்திரிகை அடிக்கவோ வெற்றிலை பாக்கு வைக்கவோ வேண்டாம். பூசணம் பூத்த ரொட்டி, தோட்டத்து மண், எருக்குழி என்று எங்கும் அதன் வித்துகள்தான். நாம் இழுக்கும் மூச்சோடு தினமும் உள்ளே போகின்றன. போனதை வெள்ளையணுக்கள் வாசலிலேயே தீர்த்துக்கட்டிவிடுவதுதான் இடைஞ்சல். ஆகவே முதலில் காவலைக் கலைக்க வேண்டும்.

சர்க்கரை நோய் இருந்தால் பாதி வேலை மிச்சம். மாத்திரையை நிறுத்திவிட்டு, “பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன், எனக்கென்ன?” என்று சொல்லிப் பழகுங்கள். சர்க்கரை கட்டுமீறி ரத்தத்தில் அமிலம் ஏறும்போது, புரதங்கள் இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்பு நழுவும். பூஞ்சைக்கு இரும்பென்றால் உயிர்.

அடுத்து ஸ்டீராய்டு. ஆக்ஸிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தால் இறப்பு குறைகிறது என்று 2020இல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு காட்டியது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை என்றும் சொன்னது. இந்த இரண்டாவது வரியைப் படித்துவிடாதீர்கள். 2021இன் இரண்டாம் அலையில் நம்மவர் பலர் படிக்கவில்லை. காய்ச்சல் கண்ட அன்றே, வாட்ஸ்அப்பில் சுற்றிய மருந்துச்சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலை அடக்கும், சர்க்கரையையும் ஏற்றிவிடும். அந்த மே மாதம், கறுப்புப் பூஞ்சை நோயைக் கண்டால் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாடும் அறிவித்தது. பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் ஊசிக்கு உறவுக்காரர்கள் நாயாய் அலைந்தார்கள்.

வந்த விருந்தாளியைக் காட்டிக்கொடுக்காதீர்கள். ஒரு பக்கக் கன்னம் வீங்கினால் பல்வலி, கிராம்பு வையுங்கள். மூக்கில் கறுப்பாக வடிந்தால் சைனஸ். பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தால் கண்ணாடியை மாற்றுங்கள். (பூஞ்சை கறுப்பே இல்லை; ரத்தக்குழாயை அடைத்து அது சாகடித்த சதைதான் கறுக்கிறது.) இப்படியே நாளை ஓட்டினால், அழுகிய சதையோடு கண்ணையும் எடுக்க வேண்டிவரலாம்.

பூஞ்சை ராசியில்லை என்றால் புழு இருக்கிறது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே ஏறி, குடலில் சத்தமில்லாமல் வம்சம் வளர்க்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கிய பிரிட்டிஷ் போர்க்கைதிகளின் வயிற்றில், 30 ஆண்டு கழித்தும் அது குடியிருந்தது. ஸ்டீராய்டு கொடுத்துப் பாருங்கள்: குடல் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு நுரையீரல், மூளை என்று கிளம்பிவிடும். அதனால் ஸ்டீராய்டுக்கு முன் ஒரு பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவர் கேட்டால் முகத்தைச் சுளியுங்கள். அவர் எழுதித்தரும் ஐவர்மெக்டினையும் தொடாதீர்கள். கொரோனாவுக்கென்று வீட்டோடு விழுங்கினோமே, அதே மாத்திரைதான். இந்தப் புழுவிடம் அது நிஜமாகவே வேலை செய்யும்.